மாரின் அடுக்கிய கற்கள்

1

இரண்டு தண்ணீர் பாட்டில்களும் என் பையில் இருந்தன.

வண்டியின் பின்பக்கம் பையைத் தூக்கி எறிந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தகரமும் தகரமும் மோதுகிற சத்தம். ஒன்று என்னுடையது, பாதி காலி. இன்னொன்று மாரினுடையது. மூடியைத் திறந்து பார்த்தேன். கழுத்துவரை தண்ணீர்.

மாரின் வண்டியில் இல்லை. வண்டி நிழலில் இல்லை. கழிப்பறைப் பக்கம் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். வேறு யாரோ ஒரு ஆள், "இருக்கேன், இருக்கேன்" என்றார். மதியம் தாண்டிய ஜூன் மாத வெயில். பாறை மேல் கை வைத்தால் தோசைக்கல். நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எதிர்ப்பக்கத்துச் சிவப்புப் பாறைச் சுவர் அதே பெயரை என்னிடமே திருப்பிக் கொடுத்தது.

எனக்குக் காதுதான் அடைத்துக்கொண்டது. அவள் தண்ணீர் இல்லாமல் உள்ளே இருக்கிறாள், அவளுக்கு வழி தெரியாது, அவளுடைய வழியை—

இங்கே நிறுத்துகிறேன். இந்தக் கதை இப்படித்தான் தொடங்கவேண்டும் என்று தெரியும், ஆனால் எங்கே பிறந்தது என்றும் சொல்லிவிடவேண்டும். இது பிறந்தது இன்று மாலை எங்கள் வீட்டுச் சமையலறையில். அம்மா, "முதல்லேருந்து சொல்லு ட்ரெஸ்ஸா" என்றாள். சொன்னேன். நன்றாகச் சொன்னேன். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலைத் தாழ்த்தவேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாரினின் அப்பா வெண்டல் அழுதேவிட்டார். அதுதான் இந்தக் கதையின் முதல் பிரதி. அதில் ஒரு துண்டு மட்டும் இல்லை.

இப்போது வீடு அடங்கிவிட்டது. போர்வைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு இரண்டாவது பிரதியைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். என் கட்டிலுக்குக் கீழே, காற்று அடைத்த மெத்தையில் மாரின் படுத்திருக்கிறாள். ஆமாம், உயிரோடுதான் இருக்கிறாள். பிழைப்பாளா மாட்டாளா என்று உங்களை இழுத்தடிக்க மாட்டேன், அது மலிவான வேலை. என் பயம் வேறு. அவள் தன் மூளையை இனி நம்புவாளா மாட்டாளா என்பது என் வாயில் இருக்கிறது. இந்த உலகத்தில் வேறு யார் வாயிலும் இல்லை.

2

எழுதி அழித்த தொடக்கங்கள். அழித்ததை மறைக்கப்போவதில்லை.

தொடக்கம்: பாலைவனம் அழகானது, ஆனால்—

(பாலைவனத்தைப் பற்றி எழுதும்போது 'ஆனால்' போடுகிறவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். நான் யூட்டாவில், இந்தத் தேசியப் பூங்காவின் வாசலிலேயே பிறந்தவள். எனக்கு இது வீட்டுக் கொல்லை.)

தொடக்கம்: மாரினை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை—

(பாதி பொய். கதையில் பாதி பொய் இருக்கலாம். இந்தக் கதையில் கூடாது.)

தொடக்கம்: என் அம்மா லாரூ, காணாமல் போகிறவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஊர்க் குழுவில் இருக்கிறாள், அதனால் எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எப்படித் தொலைந்து போகாமலிருப்பது என்று தெரியும்.

இது நன்றாக இருக்கிறது. இதை வைத்துக்கொள்கிறேன்.

அம்மா இந்த இலையுதிர் காலத்தில் வெண்டலைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாள். வெண்டல் ஒஹாயோக்காரர், மெதுவாகப் பேசுகிறவர், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறவர். குறை சொல்ல வழியில்லாத மனிதர், அதுவே எரிச்சல். அவருடைய மகள் மாரின். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஆகஸ்டிலிருந்து என் அறையில் பாதி அவளுக்கு. முன்கூட்டியே பழகிக்கொள்ளட்டும் என்று அப்பாவும் மகளும் ஒரு வாரத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இன்று காலை அம்மா என் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்தாள்.

"பூங்காவைச் சுத்திக் காட்டு. நல்லபடியா காட்டு."

"நான் எப்ப கெட்டபடியா காட்டியிருக்கேன்?"

"அந்த மூஞ்சியை இங்கேயே வெச்சுட்டுப் போன்னு சொல்றேன்."

3

எல்லோரும் பார்ப்பதை முதலில் பார்த்தோம். பெரிய வளைவுக்கு முன்னால் வரிசை நின்றது. ஆளுக்கு ஒரு படம், நகரு, அடுத்த ஆள். மாரின் தொப்பியை நெற்றிக்கு மேல் தள்ளிக்கொண்டு பார்த்தாள்.

"இதுக்கா இவ்வளவு கூட்டம்?"

"பாறையில ஓட்டை. அதைப் பாக்க உலகமே வரும்."

"அப்ப ஏன் வளைவுன்னு போர்டு வெச்சிருக்கு?"

"முன்னாடி நின்னு படம் எடுத்தா வளைவு. எடுக்கலேன்னா ஓட்டை."

அவள் சிரித்தாள். மூக்கால் சிரிப்பாள், சின்னப் பன்றிக்குட்டி மாதிரி. எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. (பாதி பொய் என்றேனே, மீதிப் பாதி இதுதான்.)

"எங்க ஊர்ல ஒரு ஏரி இருக்கு. யாரும் பாக்க வரமாட்டாங்க. ஆனா அதுல தண்ணி இருக்கு."

"தண்ணி எல்லா ஊர்லயும் இருக்கு. ஓட்டை இங்கதான் இருக்கு."

பள்ளத்தாக்கு முனைக்குப் போனோம். கழுதைக்காதுப் பாறைக்குப் போனோம். வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து உப்புக்கண்டமும் ரொட்டியும் தின்றோம். ஒவ்வொரு இடத்திலும் அவள் ஒன்றைக் கவனமாகக் கேட்டாள்: "நாம வந்த பாதை எந்தப் பக்கம்?" மூன்றாவது முறை கேட்டபோது நான் வேண்டுமென்றே வானத்தைக் காட்டினேன்.

"கிண்டல் பண்ணாதே. எனக்குத் திசை தெரியாது. கடைவீதியிலேயே தொலைஞ்சு போவேன்."

"கவலைப்படாதே. இங்க கடைவீதியே கிடையாது."

பிறகு நான் ஒன்று செய்தேன். அதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அவளைச் சின்னக்கண்ணுக்கு அழைத்துப்போனேன்.

சின்னக்கண் என்பது பாறைக் குழி ஒன்றில் தேங்கி நிற்கும் மழைத்தண்ணீர். மேலே வானம், அதற்குள் ஒரு வானம். வரைபடத்தில் கிடையாது. ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரியும். பெருவழியிலிருந்து விலகி, வழுக்கைத் தலைகள் மாதிரி வரிசையாக நிற்கும் பாறைகளின் மேல் ஏறி இறங்கிப் போகவேண்டும். பாறையில் காலடித் தடம் விழாது. பூங்காக்காரர்கள் தங்கள் பாதைகளுக்கு மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி அடையாளம் வைப்பார்கள். ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்கைப் பார்த்து நடந்தால் ஊர் வந்துசேரலாம். சின்னக்கண்ணுக்கு அப்படி எதுவும் கிடையாது. யாரும் வைக்கவும் கூடாது. வைத்தால் மறுவாரமே அங்கேயும் வரிசை நிற்கும்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம், வழி தெரிந்தவர் கடைசியில் நடக்கவேண்டும். முன்னால் போகிறவர் என்ன செய்கிறார் என்று பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும், யாரும் விட்டுப்போக மாட்டார்கள் என்று அம்மா சொல்வாள். ஆகவே மாரின் முன்னால். நான் பின்னால்.

5

(நான்கு எங்கே என்று தேடாதீர்கள். வைக்கிறேன்.)

மாரின் சின்னக்கண்ணைப் பார்த்ததும் மண்டியிட்டாள். தண்ணீருக்குள் நகத்தளவு இறால்கள், தலைகீழாக நீந்திக்கொண்டிருந்தன. அவள் முகம் கழுவிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"கையை எடு!"

நான் கத்தியதில் ஒரு காக்கை எழும்பிப் போயிற்று.

"உன் கையில வெயில் கிரீம் இருக்கு. தொட்டேன்னா உள்ள இருக்கறது மொத்தமும் செத்துடும்."

"அதை மெதுவா சொல்லியிருக்கலாமே?"

"மெதுவாத்தான் சொன்னேன்."

அவள் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது, வெயிலால் மட்டும் அல்ல.

"காலையிலேருந்து பின்னாலயே வந்து மாடு ஓட்டற மாதிரி ஓட்டறே. வலது போ, இடது போ, அந்தக் கறுப்பு மண்ணுல கால் வைக்காதே."

"கறுப்பு மண்ணு மொத்தமும் பாசி, உயிரோட இருக்கு. மிதிச்சா திரும்ப வர நம்ம ஆயுசு ஆகும்."

"நானும் உயிரோடதான் இருக்கேன்!"

  எனக்குக் கோபம் வந்தது.

"யாரு உன்னை வரச் சொன்னா?" என்றேன். இந்தக் குளத்துக்கு என்று அர்த்தமில்லை. அவளுக்கும் அது புரிந்தது.

"உன் அறை ஒண்ணும் எனக்கு வேணாம். இப்ப நான் வண்டிக்குப் போறேன்."

"வழி?"

"தெரியும்."

"உனக்கா?"

"ஆமா. எனக்கு என் வழி இருக்கு."

நான் சிரித்தேன். (இந்தச் சிரிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் பகுதி வரும்போது தேவைப்படும்.) அவள் திரும்பிப் பார்க்காமல் முதல் பாறை முதுகைத் தாண்டி மறைந்தாள். அவளுடைய பாட்டில் என் பையில் இருந்தது. அவள் சாப்பிட்ட பிறகு, "கனமா இருக்கு, உன் பையில வெச்சுக்கறியா?" என்று கேட்டுத் தந்தது. அந்த நேரத்தில் அது எங்கள் இருவருக்குமே ஞாபகம் இல்லை.

நான் குளத்தருகே உட்கார்ந்தேன். திரும்பி வருவாள் என்று காத்திருந்தேன். நிழல் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு மாறியது. வரவில்லை. சரி, எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டாள் போல என்று நானும் இறங்கினேன். நடந்ததெல்லாம் முதல் பகுதியில் இருக்கிறது. வண்டி. பை. தகரச் சத்தம்.

6

இந்தப் பகுதியைச் சமையலறையில் சொன்னபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சுருக்கமாகவே சொல்கிறேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஃபோன் எடுக்காது. கழிப்பறையிலிருந்து வெளியே வந்தாரே, அந்த ஆளிடம் அம்மாவின் எண்ணைக் கொடுத்து மேட்டு ரோட்டுக்கு அனுப்பினேன். அவர் போகும்போது, "நீ இங்கேயே இரும்மா, தனியா உள்ள போகாதே" என்றார். சரியான பேச்சு. அம்மாவும் அதையே சொல்வாள். தேடப் போகிறவள் தனியாகப் போனால் தேடவேண்டியவர்கள் இரண்டு பேர்.

நான் போனேன்.

ஓடவில்லை. குளத்தருகே போய், மாரின் மறைந்த அந்தப் பாறை முதுகில் நின்றேன். ஒரு பெண் இங்கே நிற்கிறாள். அவள் ஒரு கல் அடுக்கைத் தேடுகிறாள். இங்கே ஒன்று இருக்கவேண்டும். இல்லை. எங்கே பார்ப்பாள்?

இங்கே தூரம் ஏமாற்றும். பக்கத்தில் இருக்கும் சின்னதும் தொலைவில் இருக்கும் பெரியதும் ஒரே அளவாகத் தெரியும், நடுவில் அளந்து பார்க்க ஒரு வீடோ மனிதரோ இல்லாததால். வடக்கே, வெகு தூரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உருண்டைப் பாறைகள். காற்றும் மழையும் செய்து வைத்தவை. வீட்டளவு பெரியவை. ஆனால் இங்கிருந்து பார்த்தால் யாரோ கையால் அடுக்கிய மாதிரியே இருக்கும்.

நேராக அதைப் பார்த்து நடந்தேன்.

அதற்குக் கீழே பாறை கிண்ணம்போல் குழிந்து இறங்குகிறது. வழுக்கி இறங்கலாம், ஏற முடியாது. மாரின் அடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கணுக்கால் வீங்கியிருந்தது. தொப்பியால் முகத்தை மூடியிருந்தாள்.

"மாரின்!"

தொப்பி விலகியது. உதடு வெடித்திருந்தது.

"தண்ணி," என்றாள்.

பாட்டிலைச் சட்டையில் சுற்றிக் கீழே உருட்டிவிட்டேன். "கொஞ்சம் கொஞ்சமா குடி. வாயில வெச்சிருந்து முழுங்கு."

குடித்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"ட்ரெஸ்ஸா, என் கல்லெல்லாம் எங்கே?"

"பேசாதே. குடி."

அம்மாவும் குழுவிலிருந்து இன்னொருவரும் கயிற்றோடு வரும்வரை நான் மேலேயும் அவள் கீழேயும் உட்கார்ந்திருந்தோம். நான் பாட்டுகூடப் பாடினேன். அவள் மறுபடியும் எதுவும் கேட்கவில்லை.

7

அம்மா பதற்றமாக இருந்தால் பச்சை ஜெல்லி செய்வாள். கேரட் துருவிப் போட்டு. ஏன் என்று யாருக்கும் தெரியாது. இன்று இரண்டு பாத்திரம் செய்திருந்தாள்.

"அவ அங்கதான் இருப்பான்னு எப்படிம்மா கண்டுபிடிச்சே?" கயிறு கொண்டு வந்த எல்வின் கேட்டார். அவர் அம்மாவோடு பல வருஷமாகத் தேடப் போகிறவர்.

"தோணுச்சு," என்றேன்.

"தோணுச்சாம்! லாரூ, இவளை நம்ம குழுவுல சேத்துடு. நான் வீட்டுல உக்காந்து டிவி பாக்கறேன்."

"நீ இப்பவும் அதைத்தான் பண்றே எல்வின்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். நான் அந்த இடத்திலேயே இருந்துவிட விரும்பினேன்.

அப்போதுதான் மாரின் சொன்னாள். கட்டுப் போட்ட காலை நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, ஜெல்லியைத் தொடாமல்.

"நான் சும்மா கிளம்பலை. போகும்போதே கல் அடுக்கிட்டுப் போனேன். திரும்பி வரதுக்கு. பூங்கா ரேஞ்சர் வைக்கற மாதிரி."

 எல்வின் தன் தட்டைப் பார்த்தார்.

"நாங்க அந்த வழியாத்தான் வந்தோம் கண்ணு," என்றாள் அம்மா. அவளுடைய மிக மென்மையான குரல்; மயங்கி விழுந்தவர்களிடம் பேசுகிற குரல். "அங்க ஒரு அடுக்குகூட இல்லை."

"நான் வெச்சேன்."

"வெயில் தலைக்கு ஏறினா அப்படித்தான் இருக்கும். முன்னாடி ஒருத்தரைத் தேடிக் கண்டுபிடிச்சோம், பக்கத்துல பஸ் நிக்குது, டிரைவர்தான் கதவைத் திறக்கமாட்டேங்கறான்னு எங்ககிட்ட சத்தியம் பண்ணாரு. இல்ல எல்வின்?"

"டிக்கெட்டுக்குச் சில்லறை வேற கேட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. நான் வெண்டலைப் பார்த்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் ரத்தமில்லை. மகள் கிடைத்துவிட்டாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இந்த மனிதர் இப்போது எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"மாரின்," என்றார். "நாளைக்கு ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா? சும்மா."

"காலுக்கா?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா," என்றாள். பிறகு, "வெச்ச மாதிரி தோணுச்சு. அவ்வளவுதான்" என்றாள்.

நான் என் ஜெல்லியை முழுவதும் தின்று முடித்தேன்.

8

அந்த விடுபட்ட துண்டை எப்படி எழுதுவது என்று பல விதமாகப் பார்த்தேன்.

மதியம் காற்று எழும்பியது. மாரின் அடுக்கிய கற்கள் ஒவ்வொன்றாக—

(காற்று மணலைத் தூக்கும், கூடாரத்தைத் தூக்கும். தட்டைக் கற்களைத் தூக்காது. எல்வின் படித்தால் முதல் வரியிலேயே சிரிப்பார்.)

யாரோ ஒரு நடைப்பயணி அந்த வழியாக வந்தார். அவர் அந்தக் கற்களை—

(இவரை நான் கொஞ்ச நேரம் மிகவும் நேசித்தேன். சாம்பல் நிறத் தாடி, பிரம்புக் கைத்தடி எல்லாம் கொடுத்தேன். ஒரு பெயரும் வைத்தேன். ஆனால் சின்னக்கண்ணுக்கு வழி தெரிந்த வெளியாள் யாரும் கிடையாது. ஊரில் தாடி வைத்த ஒரே ஆள் எங்கள் பல் டாக்டர்.)

அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, அவள் பெயர் டாலி என்று வைத்துக்கொள்வோம்—

(இல்லை.)

4

(இப்போதுதான் வைக்கிறேன். இது மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே நிற்கவேண்டிய கல்.)

மாரின் முன்னால் நடந்தாள். பாறை முதுகு ஒன்றின் மேல் ஏறியதும் குனிந்தாள். தட்டையாக மூன்று கல் பொறுக்கினாள், பெரியது கீழே, சின்னது மேலே. அடுக்கிவிட்டு நடந்தாள். படமெடுக்கத்தான் என்று நினைத்தேன். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. அப்படித் தறிகெட்டு நிற்கும் ஓர் அடுக்கை உண்மை என்று நம்பி எத்தனையோ பேர் வழி தவறியிருக்கிறார்கள். அதனால் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும், பூசைக்குப் போகிற வழியில்கூட, பூங்காக்காரர் வைக்காத அடுக்கைக் கண்டால் காலால் சரித்துவிட்டுத்தான் போவார்கள். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே செய்திருக்கிறாள்.

சரித்தேன். காலால், மெதுவாக, சத்தம் வராமல்.

அடுத்த முதுகில் இன்னொன்று. சரித்தேன். ஜூனிப்பர் மரத்தடியில் ஒன்று, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒன்று. அவள் வைக்க வைக்க நான் சரித்துக்கொண்டே வந்தேன். அவள் ஒருமுறைகூடப் படமெடுக்கவில்லை. இதை நான் பார்த்தேன். பார்த்தும் அது எனக்கு எதையும் சொல்லவில்லை. ஊர் வழக்கம் என் பக்கம் இருந்தது. யோசிக்க வேண்டிய வேலை எனக்கு இல்லை.

இதுவரைக்கும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அம்மாவே சொல்லமாட்டாள். இதைச் சமையலறையிலேயே சொல்லியிருக்கலாம். "அய்யய்யோ, நான்தான் சரிச்சேன், அது இதுக்குன்னு தெரியாது" என்று ஒரு வரி. ஏன் சொல்லவில்லை?

அந்தச் சிரிப்பு இருக்கிறதே.

"எனக்கு என் வழி இருக்கு" என்று அவள் சொன்னபோது எனக்குப் புரிந்துவிட்டது. உடனே, மொத்தமாக. அவள் ஏன் அடுக்கினாள், ஏன் படமெடுக்கவில்லை, ஏன் இன்று முழுவதும் வந்த பாதையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள் எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துதான் சிரித்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரத்தில் இருந்தாள். கொஞ்சம் தேடட்டும், தேடிவிட்டு என்னிடமே வரட்டும், "ட்ரெஸ்ஸா, வழி தெரியலை" என்று சொல்லட்டும் என்று நினைத்தேன். அதைக் கேட்பதற்காகத்தான் குளத்தருகே உட்கார்ந்திருந்தேன்.*

* இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு கெட்டவளாக ஒருத்தி இருப்பாளா, வாசகர் நம்புவாரா என்று. இப்போது இல்லை. நம்புங்கள். இவளை எனக்கு நன்றாகத் தெரியும்.

9

முடிவுகள். கையில் மூன்று இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவில் ட்ரெஸ்ஸா காலையில் எல்லோரையும் கூப்பிட்டு நான்காம் பகுதியை வாசிக்கிறாள். அம்மா அவளைத் திட்டமாட்டாள்; அது இன்னும் மோசம். வெண்டல் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு ஒஹாயோவுக்குப் போகிறார். ஆகஸ்டில் அறை முழுவதும் ட்ரெஸ்ஸாவுக்கே கிடைக்கிறது. எனக்கு நியாயமாகப் படுகிற முடிவு இதுதான், படித்து முடித்ததும் அழிக்கத் தோன்றுகிற முடிவும் இதுதான்.

இரண்டாவதில் விடிவதற்குள் ட்ரெஸ்ஸா சின்னக்கண்ணுக்குப் போய், ஒவ்வோர் அடுக்கையும் அது நின்ற இடத்திலேயே திரும்ப வைக்கிறாள். எல்லா இடமும் அவளுக்குத் தெரியும். பிறகு மாரினை முதுகில் சுமந்தாவது கொண்டுபோய்க் காட்டுகிறாள்: "பாரு, நீ வெச்சே. இங்கேயேதான் இருக்கு." மாரின் அழுகிறாள், சிரிக்கிறாள், மூக்கால். அழகான முடிவு. நானே ஒரு நிமிஷம் மயங்கிவிட்டேன். ஆனால் அம்மாவும் எல்வினும் அந்த வழியாக வந்தவர்கள். இருக்கிற அடுக்கை அவர்கள் பார்க்கவில்லை என்றால் அவர்கள் கண்ணில் கோளாறு என்றாகும். ஒருத்தியின் மூளையைத் திருப்பிக் கொடுக்க இன்னும் இரண்டு பேர் கண்ணைப் பிடுங்கவேண்டும்.

மூன்றாவதில் ட்ரெஸ்ஸா எதுவும் சொல்வதில்லை. கால் சரியாகிறது. கல்யாணம் நடக்கிறது. வருஷங்கள் போகின்றன. மாரின் எதைச் சொல்லும்போதும் கடைசியில், "அப்படித் தோணுச்சு, தெரியலை" என்று சேர்த்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடப்பதில்லை.

இவற்றில் எதை வேண்டுமானாலும் நீங்கள்—

10

நிறுத்தவேண்டி வந்துவிட்டது. கீழே மெத்தை கிறீச்சிட்டது.

"இன்னும் தூங்கலியா?" என்றாள் மாரின்.

"இல்லை."

"என்ன பண்றே? வெளிச்சம் தெரியுது."

"கதை எழுதறேன்."

"எதைப் பத்தி?"

"பாலைவனத்தைப் பத்தி."

"அதுல என்ன இருக்கு? ஓட்டைதான் இருக்கு."

நான் சிரித்தேன். அவளும் கொஞ்சம். பிறகு தூங்கிவிட்டாள் என்று நினைத்துக் கடைசிப் பகுதியைத் தொடப் போனேன்.

"எங்கம்மாவை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றாள். இருட்டில் அவள் குரல் மட்டும் இருந்தது. "அடுப்பை அணைச்சேன்னு சொல்லுவாங்க. போய்ப் பாத்தா எரிஞ்சுட்டிருக்கும். தபால்காரர் வந்துட்டுப் போனாருன்னு சொல்லுவாங்க. அன்னிக்கு ஞாயித்துக்கிழமையா இருக்கும். முதல்ல நாங்க சிரிப்போம். அப்பறம் சுவத்துக்குள்ள யாரோ பேசறாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. இப்ப ஒரு பராமரிப்பு இல்லத்துல இருக்காங்க. போனா சில நாள் என்னைத் தெரியும்."

நான் ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்தேன்.

"எங்கம்மாவுக்கும் சின்ன விஷயத்துலதான் ஆரம்பிச்சுது. அப்பா இன்னிக்கு மேசையில என்னைப் பாத்தாரு இல்ல, அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அம்மாவை அப்படித்தான் பாப்பாரு."

"மாரின்..."

"இல்ல, நான் அழலை. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். என் கையில இன்னும் அந்தக் கல்லோட சூடு இருக்கற மாதிரி இருக்கு. ஜூனிப்பர் மரத்துக்குக் கீழ வெச்சது ஒண்ணு, மேல் கல்லு ஆடுச்சு, அடியில ஒரு சின்னச் சில்லு சொருகினேன். அது எப்படிப் பொய்யா இருக்கும்? ஆனா லாரூ பாக்கலை. எல்வின் பாக்கலை. நீ?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தலை மட்டும் தெரிந்தது. அந்தச் சில்லு எனக்கு ஞாபகம் இருந்தது. சரித்தபோது அது மட்டும் உருளாமல் என் செருப்பு நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது, தட்டிவிட்டேன்.

இதைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். என் விரல்கள் நிற்கவில்லை, ஏனென்றால் நின்றால் நான் வாயைத் திறக்கவேண்டும். 'பார்த்தேன்' என்றால் அவளுக்கு மூளை திரும்பக் கிடைக்கும், அடுத்த கேள்வியும் உடனே வரும். 'இல்லை' என்றால் இந்தக் கதை இங்கேயே நல்லபடியாக முடிந்துவிடும். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்கக்கூட நேரமில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறுபடியும் கேட்கிறாள்.

"நீதானே எனக்குப் பின்னாடி வந்தே, ட்ரெஸ்ஸா. ஒண்ணாவது நீ பாத்தியா?"